அந்த மஞ்சள் பூவில் புதிதாக என்ன இருக்கிறது?

கேள்வி இது: "ஐரோப்பாவில் ஒரு மலைக்காட்டின் ஓரத்தில், ஹைராசியம் என்ற காட்டுச்செடியில் புதிய சிற்றினம் ஒன்றை விவரித்திருப்பதாகப் படித்தேன். படத்தைப் பார்த்தால் சாதாரண மஞ்சள் பூ. ஏற்கனவே பெயருள்ள இன்னொரு ஹைராசியத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்தால் 'ஆறு வித்தியாசம் கண்டுபிடி' விளையாட்டுப் போல இருக்கிறது. இதை எப்படிப் புதுசு என்கிறார்கள்? விவரித்தல் என்றால் கண்டுபிடித்தல்தானே?"

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கண்டுபிடிப்பது வேறு, விவரிப்பது வேறு. அந்தச் செடி அங்கேயேதான் நின்றிருக்கும். ஆடு மேய்ப்பவர் பார்த்திருப்பார், விறகு பொறுக்கப் போனவர் மிதித்திருப்பார். தாவரவியலாளர்களே நாலைந்து பேர் அதைப் பறித்து, பழைய பெயர் ஒன்றை எழுதி ஒட்டி, அலமாரியில் வைத்திருக்கவும் கூடும். விவரித்தல் என்பது, "இந்தச் செடிகள் ஒரு தனி வம்சம், இதற்கு இதுவரை பெயர் கிடையாது, காரணம் இவை" என்று ஒருவர் ஆதாரத்தோடு எழுத்தில் வாதாடுவது. செடி கண்ணில் பட ஒரு நாள் நடை போதும். வாதத்தைக் கட்டி முடிக்கப் பல வருடம் ஆகலாம். ஹைராசியத்தில் அது ஏன் இவ்வளவு பாடு என்று சொல்ல, செடியைக் கொஞ்சம் அறிமுகப்படுத்த வேண்டும்.

சூரியகாந்தி, சாமந்தி, நம் வரப்பில் முளைக்கும் வெட்டுக்காயப்பூண்டு எல்லாம் ஒரே குடும்பம். ஹைராசியமும் அதில்தான். இந்தக் குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் பல சிறுமலர்கள் நெருங்கி உட்கார்ந்த ஒரு தலை. வெட்டுக்காயப்பூண்டில் நடுவே குழல் போன்ற சிறுமலர்கள், ஓரத்தில் நாலைந்து நாக்குச் சிறுமலர்கள் இருக்கும். ஹைராசியத்தில் நடு, ஓரம் என்ற பேதமே இல்லை. எல்லாமே நாக்குச் சிறுமலர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஐந்து சின்னப் பல். கிள்ளினால் பால் வரும். நம் கடற்கரை மணலில் படரும் எழுத்தாணிப்பூண்டு இதே கிளையைச் சேர்ந்தது. அதன் மஞ்சள் தலையைப் பார்த்தவருக்கு ஹைராசியம் அந்நியமாகத் தெரியாது. விதையின் தலையில் பஞ்சுக்குடுமி உண்டு. லேசாகப் பழுப்பேறிய, தொட்டால் முறிகிற குடுமி.

பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது. ஹியராக்ஸ் என்றால் வல்லூறு. வல்லூறுகள் இந்தச் செடியைக் கிழித்து, அதன் சாற்றைக் கண்ணில் விட்டுக்கொண்டு பார்வை மங்கலைப் போக்கிக்கொள்ளும் என்று ரோமானியரான பிளினி எழுதி வைத்திருக்கிறார். எந்த வல்லூறும் அப்படிச் செய்வதில்லை. ஆனாலும் இந்தக் கண் கதையை நினைவில் வையுங்கள், கொஞ்சம் கழித்து மறுபடி வரும்.

இந்தப் பேரினத்தில் இதுவரை வெளியிடப்பட்ட பெயர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் மட்டுமே 400-க்கு மேற்பட்ட ஹைராசியங்களுக்குப் பெயர் உண்டு. மா என்ற பேரினத்தையோ ஆல், அரசு, அத்தி அடங்கிய பேரினத்தையோ பழகிய நமக்கு இந்த எண்ணிக்கை தலை சுற்றும். அவ்வளவு பெயருக்கும் காரணம் ஒன்றுதான்: இந்தச் செடிகளில் பெரும்பாலானவை கருவுறாமலே விதை வைக்கின்றன.

இதற்கு அபோமிக்சிஸ் என்று பெயர். கேட்க விசித்திரமாக இருந்தாலும் நம் ஊரில் இதன் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு நாவல் கொட்டையை ஊன்றினால் சில சமயம் இரண்டு மூன்று நாற்று சேர்ந்து முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். எலுமிச்சை விதையிலும் அப்படி நடக்கும். அவற்றில் சில, மகரந்தம் கலக்காமல் தாய்மரத்தின் திசுவிலிருந்தே உருவானவை, அதாவது தாயின் அச்சு. காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டு மேய்ச்சல் நிலங்களில் முக்கியமான தீவனமான கொழுக்கட்டைப்புல்லும் அபோமிக்சிஸ் செடிதான். ஆனால் கொழுக்கட்டைப்புல்லுக்கு, கருவுக்கு மகரந்தம் தேவைப்படாவிட்டாலும், விதைக்குள் இருக்கும் உணவுத் திசு உருவாக மகரந்தம் வேண்டும். ஹைராசியத்துக்கு அதுவும் வேண்டாம். பூ தானாக மலரும், விதை தானாக முற்றும், தாயின் அத்தனை குணத்தோடும் பிள்ளை பறந்து போகும்.

இதை நிரூபித்த சோதனை, செலவே இல்லாத சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது. 1903-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஓஸ்டன்ஃபெல்டும் ரௌன்கியரும் மலராத மொட்டின் மேல்பகுதியைச் சவரக்கத்தியால் சீவி எடுத்தார்கள். மகரந்தப்பை, சூல்முடி எல்லாம் வெட்டோடு போய்விட்டன. அடியில் சூற்பை மட்டும் மிஞ்சியது. அப்புறம் காத்திருந்தார்கள். விதை வந்தது, முளைக்கவும் செய்தது.

அந்த ஒரு வெட்டு 35 வருடம் முன்பே நடந்திருந்தால் மெண்டல் குழம்பியிருக்க மாட்டார். பட்டாணிச் செடியில் தன் விதிகளைக் கண்ட அதே கிரகோர் மெண்டல், அடுத்ததாக எடுத்துக்கொண்டது ஹைராசியங்களை. இன்று பிலோசெல்லா என்று தனிப் பேரினமாகப் பிரிக்கப்படும் சிறிய வகைகளில்தான் அவர் பெரும்பாலும் வேலை செய்தார். மியூனிக்கில் இருந்த நேகெலி இந்தச் செடிக்கூட்டத்தில் பெரிய நிபுணர். 1866 கடைசியில் அவருக்கு மெண்டல் எழுதிய முதல் கடிதத்தோடு தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1873 வரை போனது. பட்டாணியில் முதல் தலைமுறைக் கலப்பினம் எல்லாம் ஒன்றுபோல இருந்து, இரண்டாம் தலைமுறையில் பிரிந்தது. ஹைராசியத்தில் நேர்மாறு. முதல் தலைமுறையே ஆளுக்கொரு மாதிரி, அதற்குப் பிறகோ தாயும் மகளும் அச்சாக ஒன்று. அவருடைய விதிகள் பொய்க்கவில்லை, செடிதான் பெரும்பாலும் கருவுறுதல் என்ற ஆட்டத்தை ஆடாமல் இருந்தது. அது அவருக்குத் தெரிய வழியில்லை.

அந்தச் சிறுமலர்கள் மிகமிகச் சின்னவை. ஒவ்வொன்றிலும் மகரந்தப்பையை நீக்க, ஆடியும் வில்லையும் வைத்து ஒளியைக் குவித்துப் பார்த்துப் பார்த்து, 1869 கோடையில் மெண்டலுக்குக் கண் பழுதாகும் நிலைக்கு வந்து, வேலையை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. கண்ணைக் கூர்மையாக்கும் என்று பிளினி சொன்ன செடி!

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். கலப்பே இல்லாமல் தாயின் நகலாகப் பிள்ளை பிறந்துகொண்டே போனால் என்ன ஆகும்? ஒரு செடியில் தற்செயலாக அமைந்த ஒரு சிறு குணம், உதாரணமாகப் பூக்காம்பில் கறுப்புச் சுரப்பிமயிர் கொஞ்சம் கூடுதல், இலையின் அடிப்பக்கத்தில் ஊதா நிறம், அடுத்த தலைமுறையில் கலந்து கரைந்து போகாது. அப்படியே நிற்கும். மலைச்சரிவு முழுக்க ஒரே வார்ப்பில் நூறு செடி நிற்கும். பக்கத்துப் பள்ளத்தாக்கில் இன்னொரு வார்ப்பு, அங்கேயும் எல்லாம் ஒன்றுபோல. இரண்டுக்கும் இடைப்பட்ட செடி ஒன்றுகூட இருக்காது. "ஆறு வித்தியாசம்" என்று நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் அந்த ஆறும் ஒவ்வொரு செடியிலும், ஒவ்வொரு வருடமும், ஒன்றாகச் சேர்ந்தே வருகின்றன என்பதுதான் விஷயம். மாமரத்தில் ஆறு வித்தியாசம் இருந்தால் அது வெறும் இரண்டு மரம். ஹைராசியத்தில் அது இரண்டு வம்சமாக இருக்கலாம்.

"இருக்கலாம்" என்ற சொல்லில்தான் இந்தத் துறையின் உழைப்பு முழுக்க அடங்கியிருக்கிறது.

புதிய வம்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் காட்டோரம் ஏன் பேச்சில் அடிக்கடி வருகிறது என்பதும் புரியும். ஹைராசியத்தின் அடிப்படைக் குரோமோசோம் எண் 9. சாதாரணமாகக் கருவுற்று விதை வைக்கும் இருமடியச் செடிகளில், அதாவது இரண்டு தொகுதி கொண்டவற்றில், 18 இருக்கும். ஐரோப்பாவில் அப்படிப்பட்டவை மிகக் குறைவு. மற்றவை பெரும்பாலும் 27 கொண்ட மும்மடியம் அல்லது 36 கொண்ட நான்மடியம். 27 என்பது ஒற்றைப்படை, செல் பிரியும்போது ஜோடி சேராது, சாதாரண வழியில் விதை வைத்தால் குடும்பம் அதோடு முடிந்தது. கருவுறாமல் விதை வைக்கும் வழியில் அது தப்பித்துக்கொள்கிறது.

நான் நன்றாக அறிந்த உதாரணம் உக்ரைன், ருமேனியா எல்லையில் நீளும் கிழக்குக் கார்பேத்திய மலைகள். அங்கே ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரக்காட்டுக்குள் ஹைராசியம் டிரான்சில்வானிகம் வளர்கிறது. இருமடியம், ஒழுங்காகக் கருவுறும். காடு முடிந்து புல்வெளி தொடங்கும் உயரத்துக்கு மேலே ஹைராசியம் அல்பைனம். அடர்ந்த நீள மயிரும், தண்டுக்கு ஒன்றாகப் பெரிய தலையும் கொண்ட அழகான செடி. ஆல்ப்ஸிலும் ஸ்காட்லாந்திலும் இது மும்மடிய அபோமிக்ட். கிழக்கு, தெற்குக் கார்பேத்தியத்தில் மட்டும் இருமடியமாகத் தங்கியிருக்கிறது. ஆக, ஒன்று காட்டுக்குடி, இன்னொன்று மலையுச்சிக்குடி. இருவருக்கும் நடுவே காட்டின் மேல்விளிம்பு. எல்லை எங்கே குலைகிறதோ அங்கே இரண்டும் கைகோத்துவிடுகின்றன. இவற்றுக்கு இடையே பிறந்த கலப்பினங்களைச் செக், ஸ்லோவாக் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். கலப்பு இரு திசையிலும் நடப்பதையும், குரோமோசோம் தொகுதி தானாகக் கூடுவதையும் அதில் காட்டினார்கள். பழைய காலத்தில் எத்தனையோ ஹைராசியங்கள் இப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும் என்று நாம் ஊகித்ததன் ஒரு துண்டு கண்முன்னால் நடப்பது போல.

காட்டோரத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. அடர்நிழலில் ஹைராசியம் பூக்கத் திணறும். திறந்த புல்வெளியில் ஆடும் மாடும் அரிவாளும் விடாது. ஓரத்தில் அரைவெயில். சாலை வெட்டிய சரிவு, சாய்ந்த மரம் பெயர்த்துவிட்ட மண், பாறை இடுக்கு என்று வெறும் நிலமும் கிடைக்கும். பஞ்சுக்குடுமியோடு வரும் விதைக்கு வேண்டியது அதுதான். ஹைராசியம் முரோரம் போன்றவை தரையோடு இலைவட்டம் விரித்துக் கோடையின் முற்பகுதியிலேயே பூத்துவிடும். ஹைராசியம் சபாடம், அம்பெல்லாட்டம் வகைகளில் பூக்கும்போது அடியில் இலைவட்டம் இருக்காது. தண்டு முழுக்க இலை ஏறி, கோடை கடைசியில்தான் மஞ்சள் தெரியும். இரண்டுக்கும் நடுவில் பல படிகள். இந்தப் படிகளுக்குள்ளேதான் புதுப் பெயர்கள் முளைக்கின்றன.

இனி, ஒருவர் ஒரு காட்டோரத்தில் சந்தேகத்துக்குரிய செடியைப் பார்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை, பறிக்காமல் உட்கார்ந்து பார்ப்பது. கையில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். தலையின் அடியில் கூரை ஓடு போல அடுக்கிய பச்சைப் பூவடிச்செதில்களும் அதைத் தாங்கும் காம்பும்தான் ஹைராசியத்தின் கைரேகை. அவற்றில் மூன்று வகை மயிர் உண்டு. ஒன்று வெறும் மயிர். இரண்டாவது நுனியில் குண்டூசித்தலை போல உருண்டை கொண்ட சுரப்பிமயிர். மூன்றாவது நட்சத்திர மயிர், இது அடர்ந்தால் கோலமாவு தூவியது போலத் தெரியும். எந்த வகை, எவ்வளவு நீளம், எந்த இடத்தில் எவ்வளவு அடர்த்தி, அடிப்பகுதி கறுப்பா வெளுப்பா என்று எழுத வேண்டும். "மயிர் உள்ளது" என்று எழுதினால் அது ஹைராசியக்காரர்களிடம் "அவர் மனிதர்" என்று அடையாளம் சொன்னது மாதிரி.

அடுத்தது சூல்தண்டின் நிறம். சுத்த மஞ்சளா, கருமை ஓடியதா? இதைப் பூ பசுமையாக இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். காய்ந்தால் மஞ்சளும் கறுத்துவிடும், பிறகு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய உலர்மாதிரிகளில் பாதி வழக்கு தீராமல் நிற்பதற்கு இந்த ஒரு குறிப்பு விடுபட்டதே காரணம். நாக்குச் சிறுமலரின் நுனிப்பல்லில் மயிர் உண்டா, மகரந்தம் இருக்கிறதா, உச்சித்தலைக்கும் முதல் கிளைக்கும் எவ்வளவு தூரம், முற்றிய உலர்கனி (நாம் விதை என்று சொல்வது) என்ன நிறம் என்று பட்டியல் நீளும். ஒரு தகவல் மட்டும் சொல்கிறேன், வேறெதற்கும் இல்லாவிட்டாலும் பிலோசெல்லாவைப் பிரிக்க உதவும்: ஹைராசியத்தின் உலர்கனி பொதுவாக 2.5 மி.மீ.க்கு மேல், உச்சியில் வளையம் போன்ற விளிம்பு இருக்கும். பிலோசெல்லாவினுடையது அதைவிடச் சிறியது, உச்சியில் சின்னச் சின்னப் பற்கள்.

ஒரு செடியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அது ஆய்வாகாது. முப்பது நாற்பதையாவது பார்க்க வேண்டும். நிழலில் நிற்பது, வெயிலில் நிற்பது, கிழடு, இளசு என்று எல்லாம். நிழல் இந்தச் செடியை நிறையவே ஏமாற்றும். இலை பெரிதாகும், மெலியும், மயிர் குறையும், தலைகளின் எண்ணிக்கை இறங்கும். ஆடு ஒருமுறை கடித்துவிட்டால் அப்புறம் துளிர்க்கும் தண்டு அந்தச் செடிக்கே அடையாளம் தெரியாத உருவத்தில் வரும். இலையுதிர் காலத்தில் அப்படி ஒரு துளிரைப் பறித்துப் புதுப் பெயர் சூட்டிய அவசரக்காரர்கள் வரலாற்றில் உண்டு.

ஆகவே தோட்டத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். என் கணக்கில் இதுதான் இருப்பதிலேயே கனமான ஆதாரம். மலையில் எடுத்த விதையை, அதன் நெருங்கிய உறவுக்காரச் செடிகளின் விதையோடு, ஒரே மண்ணில் ஒரே வெயிலில் வளர்ப்பது. வித்தியாசங்கள் தோட்டத்திலும் நின்றால் அவை செடியினுடையவை. கரைந்துவிட்டால் அவை மலையினுடையவை. மொட்டைச் சீவிப் பார்க்கும் அந்த 1903 சோதனையையும் இங்கேயே செய்துவிடலாம், சவரக்கத்தி இன்றும் மலிவுதான்.

குரோமோசோமை முளைவிட்ட வேர்நுனியில் எண்ணுவார்கள். இப்போது இளம் இலையை நறுக்கி, ஒளிரும் சாயம் ஏற்றி, செல் உட்கருவில் எவ்வளவு டி.என்.ஏ. இருக்கிறது என்று அளக்கும் கருவி வந்துவிட்டது. விதையிலும் இதைச் செய்யலாம். கருவுற்ற விதையில் கருவுக்கும் உணவுத் திசுவுக்கும் டி.என்.ஏ. விகிதம் 2-க்கு 3. ஹைராசிய அபோமிக்டில் அது 2-க்கு 4. தாயின் குறையாத இரண்டு உட்கருக்கள் சேர்ந்தே உணவுத் திசு உருவாவதால் இப்படி. டி.என்.ஏ. ஒப்பீடு வேறு தகவல் தரும். ஐரோப்பிய ஹைராசியங்களில் மேற்கத்திய வம்சம், கிழக்கத்திய வம்சம் என்று இரண்டு பெருங்கிளைகள் தெரிகின்றன, பல மும்மடியங்களில் இரண்டின் சுவடும் கலந்திருக்கிறது. ஆனால் மூலக்கூறு ஆய்வு மட்டுமே "இது புதிய சிற்றினம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடாது. பெற்றோர் யார் என்று சொல்லும், பிள்ளைக்குப் பெயர் வைக்கலாமா என்று சொல்லாது.

அதற்குள் அலமாரி வேலை இருக்கிறது. இதைப் பற்றி யாரும் செய்தி எழுதுவதில்லை, ஆனால் நேரம் முழுக்கப் போவது இங்கேதான். கோயம்புத்தூரில் இந்தியத் தாவர ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தடித்த தாளில் ஒட்டிய உலர்செடி, கீழே எங்கே எப்போது யார் எடுத்தது என்ற சீட்டு. ஐரோப்பாவில் பிராகா, வியன்னா, கிராக்கோ, லண்டன் என்று ஒவ்வொரு பழைய நகரத்திலும் இப்படித் தொகுப்புகள் உண்டு, அவற்றில் ஹைராசியம் மட்டுமே அலமாரி அலமாரியாக. அந்த மலைப்பகுதியிலும் அக்கம்பக்கத்திலும் இதுவரை பெயர் பெற்ற ஒவ்வொன்றின் மூலமாதிரியையும், அதாவது பெயருக்கு ஆதாரமான உலர்செடியையும், எடுத்து ஒப்பிட வேண்டும். 150 வருடத்துக்கு முன் ஒருவர் இதே செடிக்கு ஒரு சின்ன இதழில் பெயர் வைத்து, எல்லோரும் மறந்திருந்தால், அந்தப் பெயருக்கே முன்னுரிமை. உங்கள் புதுப் பெயர் பிறந்த அன்றே வீண்.

மாதிரி தயாரிப்பதில் என் சொந்தக் கதை ஒன்று. மாணவனாக இருந்தபோது ஒரு மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் எடுத்த செடிகளை, "நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று இரண்டு நாள் ஈரச் செய்தித்தாளிலேயே விட்டேன். பிரித்தபோது பூஞ்சை பூத்து, எது மயிர் எது பூஞ்சை என்று பிரிக்க முடியவில்லை. ஹைராசியமாக இருந்திருந்தால் முழுப் பயணமும் போயிருக்கும். தினமும் தாள் மாற்றாமல் வகைப்பாட்டியல் செய்ய முடியாது.

ஒப்பிட்டு முடித்து, பெயரில்லை என்று உறுதியானால், அப்புறம் சட்டம். தாவரங்கள், பாசிகள், பூஞ்சைகளுக்குப் பெயர் வைக்கச் சர்வதேசப் பெயரிடல் விதித்தொகுப்பு இருக்கிறது. பெரிய தாவரவியல் மாநாடுகளில் திருத்துவார்கள், 2017-இல் ஷென்சென், 2024-இல் மாட்ரிட். 1935 தொடக்கம் முதல் 2011 முடிவு வரை புதுத் தாவரச் சிற்றினத்துக்கு லத்தீன் விவரணை கட்டாயம். 2012-லிருந்து ஆங்கிலமோ லத்தீனோ, எதிலும் எழுதலாம். அதே 2012-லிருந்து உரிய வரிசை எண்ணுள்ள இதழில் பி.டி.எஃப். ஆக மட்டும் வந்தாலும் செல்லும். தமிழில் எழுதினால் செல்லாது. எனக்கு வருத்தம்தான், ஆனால் ஜெர்மன்காரருக்கும் ரஷ்யருக்கும் அதே கதி.

விவரணை இல்லாவிட்டாலும் "இது இன்னதிலிருந்து இப்படி வேறுபடுகிறது" என்ற வேறுபாட்டுக் குறிப்பு மட்டும் இருந்தால் சட்டப்படி போதும். என்னைக் கேட்டால், கட்டுரையில் முதலில் படிக்க வேண்டியது அந்த நாலு வரிதான். ஹோலோடைப் என்று ஒரே ஒரு மாதிரியைச் சுட்ட வேண்டும், 1958-லிருந்து இது கட்டாயம். எந்தத் தொகுப்பில் அது இருக்கிறது என்பதையும் 1990-லிருந்து சொல்லியாக வேண்டும். நாளைக்கு இந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று சண்டை வந்தால், எழுதியவரின் எண்ணம், படம், விவரணை எதுவும் கடைசிச் சாட்சி ஆகாது. அந்த ஒரு உலர்செடிதான் சாட்சி. ஒரே நாளில் ஒரே இடத்தில் எடுத்த கூடுதல் மாதிரிகளை வேறு தொகுப்புகளுக்கும் அனுப்பி வைப்பார்கள். ஐரோப்பா இரண்டு உலகப்போரில் எத்தனை தொகுப்புகளைத் தீக்குக் கொடுத்தது என்று நினைத்தால் அந்த முன்னெச்சரிக்கையின் அருமை தெரியும். பெர்லின் தொகுப்பின் பெரும்பகுதி 1943-இல் குண்டுவீச்சில் எரிந்தது.

பெயர் விஷயத்தில் ஒரு சின்ன இலக்கணம்: ஹைராசியம் என்பது லத்தீனில் அஃறிணைப் பால் சொல். அதனால்தான் அல்பைனம், முரோரம், அம்பெல்லாட்டம் என்று எல்லாம் "அம்"மில் முடிகின்றன. (முரோரம் மட்டும் "சுவர்களின்" என்று பொருள்படும் வேற்றுமைச் சொல், தற்செயலாக ஓசை ஒத்துப்போகிறது.) ஆளின் பெயரை உரிச்சொல்லாக்கி வைத்தாலும் இந்த வால் ஒட்டிக்கொள்ளும். வேல்ஸ் நாட்டின் பிரெக்கன் பீக்கன்ஸ் மலையில் ஆடு எட்டாத பாறைத் திட்டுகளில் நின்ற ஒரு ஹைராசியத்துக்கு, டிம் ரிச் என்ற தாவரவியலாளர் 2014-இல் ஹைராசியம் அட்டன்பரோயானம் என்று பெயரிட்டார். இயற்கை ஆவணப்படங்களால் புகழ்பெற்ற டேவிட் அட்டன்பரோவைக் கௌரவிக்கத்தான். உலகம் முழுக்கச் செய்தியானது. ஆடு எட்டும் இடத்தில் அது ஏன் இல்லை என்று யோசித்துப் பாருங்கள், அந்த மலையின் மேய்ச்சல் வரலாறே அதில் இருக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகும் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள் என்றில்லை. ஜெர்மன்காரர் சான் 1921-லிருந்து 1923 வரை வெளியிட்ட பெரும் தொகுப்பில், சில முதன்மைச் சிற்றினங்கள், அவற்றுக்கு நடுவே இடைச் சிற்றினங்கள், அவற்றின் கீழே ஆயிரக்கணக்கான துணைச் சிற்றினங்கள் என்று அடுக்கினார். நடு ஐரோப்பாவில் அந்த வழக்கம் இன்னும் செல்வாக்கோடு இருக்கிறது. பிரிட்டனிலும் ஸ்காண்டிநேவியாவிலும் ஒவ்வொரு நிலையான வம்சமும் தனிச் சிற்றினம். ஆகவே ஒரே செடி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தால் பதவி மாறும். நீங்கள் படித்த "புதிய சிற்றினம்" ஜெர்மன் மரபில் வந்த ஒருவரின் கையில் "புதிய துணைச் சிற்றினம்" ஆகியிருக்கலாம். செடிக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான் எந்தப் பக்கம்? நிலையான வம்சத்துக்குப் பெயர் வேண்டும் என்ற பக்கம். பெயரில்லாததைப் பட்டியலில் சேர்க்க முடியாது, பட்டியலில் இல்லாததற்காகச் சாலை வேலையை யாரும் நிறுத்த மாட்டார்கள். ஆனால் உலகத்தில் மூன்று பேரால் மட்டுமே அடையாளம் சொல்ல முடிகிற சிற்றினங்களை வருடாவருடம் குவிப்பதில் எனக்குச் சங்கடம் உண்டு. அந்த மூவரும் ஓய்வு பெற்றால் பெயர் இருக்கும், செடி எது என்று சொல்ல ஆளிருக்காது. எனவே நான் கொஞ்சம் கறாராகவே கேட்பேன். தோட்டத்தில் மாறாமல் நின்றதா? ஒற்றைச் செடியா, கூட்டமா? ஒற்றைச் செடி என்றால் அது ஒருநாள் கலப்பினமாக இருக்கலாம், விதையே வைக்காமல் அதோடு முடிந்துவிடலாம். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருந்தால் வாதம் வலுக்கிறது, கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். ஒரே பாறையில் வாழும் உண்மையான வம்சங்களும் இருக்கின்றன.

நீங்கள் படித்த கட்டுரையை மறுபடி திறக்க முடிந்தால், பூவின் படத்தைத் தாண்டி உள்ளே போங்கள். வேறுபாட்டுக் குறிப்பில் எந்தெந்தப் பழைய சிற்றினங்களோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒன்றே ஒன்றோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால் புருவத்தைத் தூக்கலாம். குரோமோசோம் எண் கொடுத்திருக்கிறார்களா, 18-ஆ 27-ஆ? பூவடிச்செதிலின் நெருக்கப்படம் இருக்கிறதா? அது இருந்தால் பெரிதாக்கி, அந்தக் கறுத்த குண்டூசித்தலை மயிர்களையும் மாவு தூவிய நட்சத்திர மயிர்களையும் எண்ணிப் பாருங்கள். கண் வலித்தால் மெண்டலை நினைத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள்.